மேரிலாந்தில் ஒரு கணக்கர் சொல்ல மறுத்த வாக்கியம்

1959-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதஸ்டா என்ற ஊரில், ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் ராய் டார்கசோ. அலுவலகத்துக்குள்ளேயே ஒருவர் நோட்டரியாக இருந்தால் ஒப்பந்தம், பத்திரம் என்று ஒவ்வொரு தாளையும் தூக்கிக்கொண்டு வெளியே அலைய வேண்டியதில்லை. அந்த வசதிக்காக அவர் நோட்டரி பதவிக்கு விண்ணப்பித்தார். ஆளுநர் நியமன ஆணையும் பிறப்பித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: மான்ட்கமரி கவுன்ட்டி நீதிமன்ற எழுத்தர் முன் போய் நின்று உறுதிமொழி எடுத்து, ஆணையைக் கையில் வாங்க வேண்டும். அங்கே, கடவுள் இருக்கிறார் என்று நம்புவதாக அறிவிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். ஆணையைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் நோட்டரி என்றால் பல ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். கறுப்புக் கோட்டு, நீதிமன்ற வாசலில் மேசை, சிவப்பு முத்திரை. இங்கே அமெரிக்காவில் அப்படியில்லை. வங்கிக் கவுண்டரில் இருப்பவர், கூரியர் கடைக்காரர், வீடு விற்றுக்கொடுக்கும் அலுவலகத்தின் உதவியாளர் என யார் வேண்டுமானாலும் நோட்டரி ஆகலாம். எதிரே நிற்பவர் இன்னார்தான் என்று அடையாள அட்டையைப் பார்த்து உறுதி செய்வது, அவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்ப்பது, தேவையானால் உறுதிமொழி வாங்குவது, முத்திரை குத்துவது. அவ்வளவுதான் வேலை. மாநில அரசு கொடுக்கும் பதவிகளில் இதைவிடச் சிறியதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சின்னப் பதவியின் வாசலில் கடவுளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

நானும் அதே மான்ட்கமரி கவுன்ட்டியில் நோட்டரிதான். திருநீறு பூசாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டேன். கிருத்திகை என்றால் லேன்ஹம் முருகன் கோவிலில் என்னைப் பார்க்கலாம். கடவுள் விஷயத்தில் டார்கசோவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்தக் கவுண்டரில் அவர் சொல்ல மறுத்து நின்றதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பக்தி உள்ளவர்கள்தான் அவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்று நம்புகிறேன்.

எழுத்தர் தன் இஷ்டத்துக்குக் கேட்டுவிடவில்லை. மேரிலாந்து அரசமைப்பின் உரிமைப் பிரகடனத்தில் 37-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த மாநிலத்தில் எந்தப் பதவிக்கும் மதச் சோதனையை ஒரு தகுதியாகக் கேட்கக் கூடாது என்று அது கம்பீரமாகத் தொடங்கும். மூச்சு விடுவதற்குள், கடவுள் இருக்கிறார் என்ற நம்பிக்கையை அறிவிப்பது தவிர, என்று ஒரு வாலை ஒட்டிக்கொள்ளும். 1867-இல் எழுதிய வரி.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் மேரிலாந்தின் கதையையே சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்களுக்கு ஒரு புகலிடமாக 1634-இல் குடியேற்றம் தொடங்கிய இடம் இது. 1649-இல் இங்கே ஒரு மதச் சகிப்புச் சட்டம் வந்தது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் சகிப்பு கிறிஸ்தவர்களோடு முடிந்துவிட்டது. மும்மைக் கடவுளை மறுத்தால் மரண தண்டனை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. ஜேக்கப் லும்ப்ரோசோ என்ற யூத மருத்துவர் 1658-இல் அதன்படி குற்றம் சாட்டப்பட்டார். பொது மன்னிப்பு ஒன்று வந்ததால் தப்பினார். பிறகு அமெரிக்கா விடுதலை பெற்றது. 1776-இல் மேரிலாந்து தன் முதல் அரசமைப்பை எழுதியது. பதவிக்கு வருகிறவர் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை உண்டு என்று அறிவிக்க வேண்டும் என்றது அது.

அதாவது பால்டிமோரில் வியாபாரம் செய்து, வரி கட்டி, விடுதலைப் போரில் துப்பாக்கியும் தூக்கிய யூதருக்கு நகர மன்றத்தில் ஓர் இருக்கை கிடையாது.

இதை மாற்ற முன்வந்தவர் தாமஸ் கென்னடி. ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கிறிஸ்தவர், மேரிலாந்தின் மேற்கு மலைப்பக்கத்துத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். 1818-இல் அவர் பேசிய பேச்சை வாசித்தால் இப்போதும் நெஞ்சு நிமிரும். என் தொகுதியில் யூதர் ஒருவர்கூட இல்லை, உலகத்தில் எந்த யூதரோடும் எனக்குப் பழக்கமும் இல்லை, மாநிலத்திலேயே அவர்கள் மிகச் சிலர்தான், ஆனால் ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த ஒருவருக்கு நாம் நியாயம் செய்தாக வேண்டும் என்றார். மசோதா தோற்றது. மறுபடி கொண்டுவந்தார். 1823 தேர்தலில் எதிரணி தன்னைக் கிறிஸ்தவ அணி என்று அழைத்துக்கொண்டது, கென்னடியின் பக்கத்தை யூத அணி என்று ஏசியது. கென்னடி தோற்றுப் போனார். பின்னர் ஜெயித்து மீண்டும் சட்டமன்றத்துக்கு வந்தார், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1826-இல் சட்டம் உறுதியானது. அதே ஆண்டு சாலமன் எட்டிங், ஜேக்கப் கோயன் என்ற இரு யூதர்கள் பால்டிமோர் நகர மன்றத்துக்குத் தேர்வானார்கள். ஓட்டு வங்கி என்று சொல்ல அவர் தொகுதியில் ஓர் ஓட்டுகூட இல்லாத ஒரு கூட்டத்துக்காகத் தன் பதவியையே இழந்த மனிதர் அவர். நம் அரசியல்வாதிகளில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சில பெயர்கள் வருகின்றன, நிறைய வரவில்லை.

ஆனால் கென்னடியாலும் சோதனையை ஒழிக்க முடியவில்லை, கதவைக் கொஞ்சம் அகலப்படுத்தத்தான் முடிந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவிக்க முடியாத யூதர், மறுமையில் நன்மை தீமைகளுக்குப் பலன் உண்டு என்று நம்புவதாக அறிவித்தால் போதும் என்றது 1826-ஆம் ஆண்டுச் சட்டம். அப்புறம் 1867-இல், எல்லோருக்கும் பொதுவாக, கடவுள் இருக்கிறார் என்று சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் தாங்கள் தாராளமாக நடந்துகொள்வதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். கேள்வி கேட்கும் உரிமை தங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் தொடவில்லை.

இதே மாநிலத்தில் இன்னொரு பழைய மரபும் இருந்தது. எங்கள் கவுன்ட்டியில் சாண்டி ஸ்பிரிங் என்று ஓர் ஊர். அங்கே 1817-இல் கட்டிய குவேக்கர் வழிபாட்டுக் கூடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செங்கல் சுவர், மர பெஞ்சு, உள்ளே சிலுவைகூட இல்லை. குவேக்கர்கள் கிறிஸ்தவர்களிலேயே ரொம்பப் பிடிவாதக்காரர்கள். சத்தியம் பண்ணவே மாட்டார்கள். பரிச்சேதம் சத்தியம் பண்ணவேண்டாம் என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொன்னால் போதும், அதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும் என்கிறார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வேதாகமத்தின் மேலேயே கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். குவேக்கர்கள் சொன்னபடி நடந்தார்கள். அதற்காக இங்கிலாந்தில் சிறைக்கும் போனார்கள். மேரிலாந்தின் 1776 உரிமைப் பிரகடனம் குவேக்கர், டங்கர், மென்னோனைட் என்ற மூன்று கிறிஸ்தவப் பிரிவினருக்கும், ஆணையிடாமல் உறுதி கூறினால் போதும் என்று இடம் கொடுத்தது.

இது பலருக்குத் தெரிவதில்லை. ஆணையிடுகிறேன் என்பதற்குப் பக்கத்தில் உறுதி கூறுகிறேன் என்று இன்னொரு வழி இருக்கிறதே, அது நாத்திகர்கள் கேட்டு வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடவுளின் வார்த்தையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் சிறையிருந்து வாங்கியது அது. அமெரிக்க அரசமைப்பு அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் உறுதிமொழியிலும் இரண்டு வழியும் உண்டு. மூலத்தில் 35 சொற்கள், கடவுள் என்ற சொல் அதில் கிடையாது. ஆறாவது பிரிவு இன்னும் ஒரு படி போய், ஒன்றிய அரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை ஒருபோதும் கூடாது என்று முடித்துவிட்டது.

1787-இல் அந்தப் பிரிவைப் பலர் எதிர்த்தார்கள். நாத்திகனும் துருக்கியனும், அதாவது முஸ்லிமும், பதவிக்கு வந்துவிடுவான் என்று பயந்தார்கள். அதற்கு கனெக்டிகட்டின் ஆலிவர் எல்ஸ்வொர்த் பத்திரிகையில் எழுதிய பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எல்ஸ்வொர்த் பக்தியுள்ள கிறிஸ்தவர், பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதி ஆனவர். அவர் வாதம் எளிமையானது: கொள்கை இல்லாத மனிதனை எந்தச் சோதனையும் தடுக்காது, பதவிக்காக அவன் எதையும் சொல்லிவிட்டுப் போவான், சோதனையில் மாட்டிக்கொள்கிறவன் மனச்சாட்சிக்குப் பயந்தவன் மட்டுமே.

டார்கசோ விஷயத்தில் நடந்தது அச்சு அசலாக இதுதான். நம்புகிறேன் என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு ஆணையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் அவர் நெஞ்சைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பொய் சொல்லியிருந்தால் நோட்டரி. உண்மை சொன்னதால் இல்லை. அடுத்தவர் சொல்வது உண்மையென்று சான்றளிக்கும் வேலைக்கு, பொய் சொல்ல மறுத்த மனிதனைத் தகுதியற்றவன் என்று ஒதுக்கினார்கள்.

அவர் வழக்குப் போட்டார். நான் நம்புகிறேனா இல்லையா என்பதல்ல விஷயம், அதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டா என்பதே விஷயம் என்பது அவர் நிலை. மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1960-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவரை யாரும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, நோட்டரி ஆகச் சொல்லியும் கட்டாயப்படுத்தவில்லையே என்று அந்த நீதிபதிகள் கேட்டார்கள். இஷ்டமிருந்தால் வா, இல்லாவிட்டால் போ. கோவில் நுழைவுக்கு எதிராகவும் கிட்டத்தட்ட இதே தொனியில் பேசினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அங்கிருந்து வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. டார்கசோவுக்காக வாதாடிய இருவரில் ஒருவர் லியோ ஃபெஃபர், ராபி எனப்படும் யூத மதகுரு ஒருவரின் மகன், தன் சமயத்தில் ஊன்றி நின்றவர். நாத்திகருக்கு ராபி மகன் வாதாடுகிறார். 1961 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பது பேரும் டார்கசோ பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். ஒருவரை மத நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அறிவிக்கும்படி மாநிலமும் ஒன்றிய அரசும் கட்டாயப்படுத்த முடியாது; பதவிக்கு வரும்படி யாரும் உன்னை வற்புறுத்தவில்லை என்ற காரணத்தைக் காட்டி, அரசமைப்பு தடுத்த ஒரு தகுதியை வாசலில் வைக்கவும் முடியாது. மதங்களை, மதத்தை நம்பாதவர்களுக்கு எதிராகவும், கடவுளை நம்பும் மதங்களை வேறு அடித்தளம் கொண்ட மதங்களுக்கு எதிராகவும் அரசு தாங்கிப் பிடிக்கக் கூடாது என்று அவர் எழுதினார். அடிக்குறிப்பில் பௌத்தத்தையும் தாவோவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

அந்த அடிக்குறிப்பு சும்மா கிடக்கவில்லை. நோட்டரிகளுக்குக் கேள்வி போய்விட்டது, ஆனால் மேரிலாந்து நீதிமன்றங்களில் ஜூரியாக உட்காருகிறவர்கள் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க வேண்டும் என்ற வழக்கம் அப்படியே தொடர்ந்தது. 1965-இல், கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பௌத்தர் ஒருவர் மேல்முறையீடு செய்தார். என் சமயத்தில் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை. என்னைப் போன்றவர்களை முழுக்க வெளியே நிறுத்திவிட்டுத் தேர்ந்தெடுத்த ஜூரி என்னை எப்படி விசாரிக்கலாம் என்பது அவர் கேள்வி. டார்கசோவை ஐந்தாண்டு முன்பு திருப்பி அனுப்பிய அதே மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை ஒப்புக்கொண்டது. தண்டனை ரத்தானது. அப்போது இறுதி முடிவுக்கு வராமல் நிலுவையில் இருந்த மற்ற வழக்குகளும் ஆட்டம் கண்டன, குற்றச்சாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. நீதிக்கு அரணாக இருக்கட்டும் என்று வைத்த கடவுள் கேள்வி, கடைசியில் நீதிமன்றங்களையே தடுமாற வைத்தது.

நான் நோட்டரி உறுதிமொழி எடுத்தது ராக்வில்லில், கவுன்ட்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில். அதே அலுவலகத்தில்தான் கல்யாண உரிமமும் கொடுக்கிறார்கள். எனக்கு முன்னால் கையில் பூங்கொத்தோடு ஓர் இளம் ஜோடி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மையார் ஓர் அட்டையை நகர்த்தி, வலது கையைத் தூக்கச் சொல்லி, ஆணையிடுகிறீர்களா, உறுதி கூறுகிறீர்களா என்று கேட்டார். சாதாரணமாக, காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்பது போல. கடவுளை நம்புகிறாயா என்று கேட்கவில்லை. உறுதி கூறுகிறேன் என்றேன்.

பக்தன் ஏன் ஆணையிடவில்லை என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். அதற்குக் காரணம் என் அப்பா. எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். ஒரு கோடையில் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியது யார் என்று தகராறு வந்தது. கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எதிராளி கூசாமல் அணைத்துவிட்டார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அவர் மேல் தப்பில்லை என்று ஊருக்கே தெரியும். "சாமியை வரப்புத் தகராறுக்குச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதுய்யா, நான் சொல்றதை நம்பினா நம்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். முறைத் தண்ணீர் அந்த வருஷம் எங்களுக்கு இல்லாமல் போனது. அம்மா ரொம்ப நாள் அதைச் சொல்லிக் குறைபட்டாள். அப்பா கடைசிவரை அதற்கு வருத்தப்படவில்லை.

டார்கசோவின் கதையை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு அப்பா முகம்தான் வந்தது. ஒருவர் கடவுள் இல்லை என்பதால் மறுத்தார், இன்னொருவர் கடவுள் இருக்கிறார் என்பதால் மறுத்தார். கேட்ட அதிகாரம் இருவரையும் ஒரே மாதிரி தண்டித்தது.

நோட்டரி வேலையில் என்னிடம் வருகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது பின்னால் இருக்கிறது என்று பாஸ்போர்ட்டில் சிக்கல், ஊரில் சொத்து விற்க அதிகாரப் பத்திரம், இப்படி. ஒருமுறை மகளோடு ஒரு பெரியவர் வந்தார். தன் பெயரும் பிறந்த தேதியும் பற்றிய உறுதி ஆவணம். உறுதிமொழி வாங்க வேண்டும் என்றதும் மேசையில் எதையோ தேடினார்.

"கீதை எதுவும் வைக்கலையா தம்பி? எது மேல கை வெச்சு சத்தியம் பண்றது?"

"எது மேலயும் வேண்டாம் ஐயா. இதுல எழுதியிருக்கிறது உண்மைன்னு நீங்க உறுதி சொன்னாப் போதும். பொய்யா இருந்தா சட்டப்படி தண்டனை உண்டு. அது தெரிஞ்சுதான் சொல்றேன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பிறந்த தேதி வந்த இடத்தில் விரலை வைத்தார். "இது பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட தேதி. நான் பிறந்தது ஐப்பசியில. 'நான் பிறந்த தேதி'ன்னு இதுல போட்டிருக்கே, அப்படி நான் எப்படிச் சொல்வேன்?" என்றார். மகள், அப்பா எல்லாத்துலயும் அதுதானே இருக்கு என்று கெஞ்சிப் பார்த்தார். பெரியவர் அசையவில்லை. நோட்டரி ஆவணத்தைத் திருத்தி எழுதக் கூடாது, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே பேனாவை வாங்கி, பள்ளிச் சான்றிதழின்படி என்று இடையில் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அதற்குப் பிறகே கையைத் தூக்கினார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் துளசி மணி. அவர் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. இதைவிடப் புனிதமான ஓர் உறுதிமொழியை நான் வாங்கியதில்லை.

ஆனால் நாடு பெரும்பான்மையாகக் கடவுளை நம்புகிறது, அதிபரே கடவுள் துணை செய்யட்டும் என்று முடிக்கிறார், அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அந்தச் சொற்களைச் சொன்னதாக ஊரெல்லாம் நம்புகிறார்கள். அன்றைய பதிவு எதிலும் அது இல்லை. அந்தக் கதையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. ஓர் அதிபர் அப்படிச் சொன்னதற்கு அன்றைய காலத்துச் சான்று கிடைப்பது 1881-இல், செஸ்டர் ஆர்தர் பதவியேற்றபோது. வாஷிங்டன் கையெழுத்திட்ட முதல் சட்டமே உறுதிமொழி பற்றியதுதான். 1789 ஜூன் 1 தேதியிட்ட அந்தச் சட்டத்தின் உறுதிமொழியில் கடவுள் வரவில்லை. அதிகாரிகளின் உறுதிமொழிக்குள் அந்தச் சொற்கள் ஊன்றியது 1862-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, யார் துரோகி என்று நாடே சந்தேகத்தில் தவித்த நேரத்தில். அதிபர் தம் விருப்பத்தால் சொன்னால் சொல்லட்டும். அது அவருடைய பிரார்த்தனை, எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825-இல் சட்டப் புத்தகத்தின் மேல் கை வைத்தார், அதுவும் அவர் விருப்பம்.

என்னைச் சுடுவது வேறொரு வாதம். இந்தச் சொற்களைக் காப்பாற்ற வருகிறவர்கள் நீதிமன்றத்தில் போய், இதில் மதமே இல்லை, பழக்கத்தால் தேய்ந்துபோன சடங்குச் சொல், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார்கள். கடவுள் பெயரை அரசாங்கத் தாளில் வைத்துக்கொள்வதற்காக அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை என்று வாதிடுகிறார்கள். முருகா என்று வாய்விட்டுக் கூப்பிடுகிற எனக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு தெரியவில்லை. அர்த்தம் உண்டென்றால் அதைச் சொல்லச் சொல்ல அரசுக்கு அதிகாரமில்லை. அர்த்தம் இல்லையென்றால் அந்தப் பெயரை அங்கே வைத்து இழிவுபடுத்துவானேன்?

தேய்ந்துபோன சொல் என்பதும் உண்மையில்லை. 2013-இல் அமெரிக்க விமானப் படை, அந்தச் சொற்களை விட்டுவிடலாம் என்ற சலுகையைத் தன் விதிகளிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு நெவாடாவில் ஒரு வீரர், பணியைப் புதுப்பிக்கும் படிவத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நாள் சேவை செய்தவரின் பணிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புத் துறையின் சட்ட ஆலோசனை வந்த பிறகுதான் விமானப் படை இறங்கி வந்தது. குடியுரிமை வாங்குகிறவர்களுக்கு இந்த நாடு இதைவிட மரியாதையாக நடந்துகொள்கிறது. அந்த உறுதிமொழியும் கடவுள் துணை என்றுதான் முடியும். வேண்டாதவர் விட்டுவிடலாம், ஏன் என்று எந்த ஆதாரமும் காட்ட வேண்டியதில்லை. நான் அந்தச் சொற்களை உரக்கச் சொன்னேன். விடவும் முடியும் என்று தெரிந்து சொன்னதால்தான் அது என் சொல்லாக இருந்தது.

இந்தியா இதில் எடுத்த வழி எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று அரசமைப்பு அவையில், முகவுரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என ஹெச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். பட்டம் தாணுப்பிள்ளை, தாம் நம்பிக்கை உள்ளவர்தான் என்று சொல்லிக்கொண்டே, இது நம்பிக்கை விஷயத்தில் ஒரு கட்டாயமாகிவிடும் என்று எதிர்த்தார். வாக்கெடுப்பு நடந்தது, 68-க்கு 41 என்று திருத்தம் தோற்றது. பதவியேற்பு உறுதிமொழியில் மட்டும் மூன்றாவது அட்டவணை இரண்டு வழியையும் பக்கம் பக்கமாக வைத்தது. 1967-இல் அண்ணாவும் அவர் அமைச்சர்களும் உளமார என்று சொல்லிப் பதவியேற்றார்கள். 2021 மே 7-இல் மு.க. ஸ்டாலினும் அப்படியே. இடையில் கடவுளறிய என்று பதவியேற்றவர்கள் எத்தனையோ பேர். எந்தப் பக்கத்தாரையும் கவுண்டரில் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

மேரிலாந்துக்கு வருகிறேன். டார்கசோ ஜெயித்து இத்தனை காலம் ஆகியும் 37-ஆவது பிரிவின் அந்த வால் இன்னும் அரசமைப்பில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. டெக்சஸ், ஆர்கன்சாஸ், மிசிசிப்பி, டென்னசி, வட கரோலினா, தென் கரோலினா அரசமைப்புகளிலும் இதைப் போன்ற வரிகள் உண்டு. டென்னசியில் 2022-இல் மதகுருமார்கள் சட்டமன்றத்துக்குப் போட்டியிடக் கூடாது என்ற பழைய தடையை வாக்காளர்கள் நீக்கினார்கள்; அடுத்த வரியிலேயே இருக்கும், கடவுளை மறுப்பவர் பதவிக்கு வரக் கூடாது என்ற தடை அங்கேயே நிற்கிறது. அதே 2022-இல் மேரிலாந்து வாக்காளர்களும் அரசமைப்பைத் திருத்தினோம். எதற்கு? மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயரை மேரிலாந்து உச்ச நீதிமன்றம் என்று மாற்ற. டார்கசோவைத் திருப்பி அனுப்பிய நீதிமன்றத்தின் பெயர்ப்பலகையை மாற்ற நேரம் இருந்தது.

செத்த சட்டம்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று இங்கே ஒரு சட்டமன்ற உதவியாளர் என்னிடம் சொன்னார். செத்ததை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வர ஆள் இருக்கிறது. தென் கரோலினாவில் கணிதப் பேராசிரியர் ஹெர்ப் சில்வர்மன் நோட்டரி விண்ணப்பத்தில் கடவுளை அடித்துவிட்டுக் கொடுத்தபோது, டார்கசோ தீர்ப்பு வந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் மறுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்புச் சொல்லும்வரை அவர் அலைந்தார். 2009-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகர மன்றத்துக்கு மக்கள் சிசில் பாத்வெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிராளிகள் மாநில அரசமைப்பைத் தூசி தட்டி எடுத்து, கடவுளை மறுப்பவர் பதவியேற்கக் கூடாது என்று வழக்குப் போடப்போவதாக மிரட்டினார்கள். அவர் உறுதி கூறிப் பதவியேற்றார், பணியும் செய்தார். ஆனால் ஓட்டுப் போட்ட மக்களின் தீர்ப்பை ஒரு செத்த வரி அத்தனை நாள் சந்தேகத்தில் நிறுத்தி வைத்தது.

மேரிலாந்து அரசமைப்பைத் திருத்தச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், பிறகு பொதுத் தேர்தலில் மக்கள் ஒப்புதல் வேண்டும். எட்டாத உயரம் இல்லை. எங்கள் தொகுதிப் பிரதிநிதிகளுக்கும் செனட்டருக்கும் எழுதியிருக்கிறேன், அந்தப் பிரிவில் மதச் சோதனை கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள் என்று. கடிதத்தின் கீழே என் பெயரோடு, நான் கோவிலுக்குப் போகிறவன் என்பதையும் எழுதினேன். கவுன்ட்டியில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எல்லோரும் எழுதலாம். லேன்ஹமில் என்னோடு வரிசையில் நிற்கிறவர்கள் முதலில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.